வாசலில் நிற்பவரின் அமானிதம்

"வாட்ச்மேன் வேலைதானே" என்று நம் குடும்பங்களில் சிலர் குறைத்துப் பேசுவதைக் கேட்கிறோம். மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் சொன்னபோது இரண்டு தகுதிகளை எடுத்துச் சொன்னார்: வலிமை, நம்பகம். அல்குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் 26ஆம் வசனம் இதைக் கூறுகிறது. மருத்துவமனைக் காவல் பணிக்கும் இவ்விரண்டுமே அடிப்படை.

பொறுப்பு என்ன?

ஆம்புலன்ஸ் வரும் வழியில் வண்டிகள் நிற்காமல் பார்ப்பது, பிரசவ வார்டிலிருந்து குழந்தையை எடுத்துச் செல்பவரிடம் டிஸ்சார்ஜ் சீட்டைச் சரிபார்ப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் சேராமல் தடுப்பது, தீப்பிடித்தால் நோயாளிகளை வெளியேற்ற உதவுவது எல்லாம் காவலரின் வேலை. ஒரு நிமிடக் கவனக்குறைவு ஓர் உயிரைப் பாதிக்கலாம். எனவே இது அமானிதம்.

வேலையில் சேருமுன்

2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஆள் அனுப்பும் நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். காவலர் 18 வயது நிறைந்தவராகவும் 65 வயதை எட்டாதவராகவும் இருக்க வேண்டும். மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் தேவை என்கின்றன. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் சம்பளச் சீட்டில் வருகிறதா என்றும் பாருங்கள்.

ஜும்ஆ நேரத்தைப் பற்றி மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசி, மாற்று ஆளை ஏற்பாடு செய்துகொள்ளலாம். மாற்று ஆள் வராமல் வாசலை விட்டுப் போகக் கூடாது. ஏற்பாடு செய்ய இயலாத நிலையில் என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நம் பங்கு

உறவினர் ஒருவர் படுக்கையில் விழுந்தால் குடும்பமே திரண்டு போகிறோம். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்துதான். ஆனால் பார்வை நேரம் முடிந்த பிறகு, வாசலில் ஐம்பது ரூபாயைக் கையில் திணித்து உள்ளே போவது லஞ்சம். கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸ் உண்டு. சம்பளம் குறைவென்று காவலர் வாங்குவதும் அவசரமென்று நாம் கொடுப்பதும் அதனால் ஆகுமானதாகிவிடாது.

பெரிய சோதனை பிணவறை வாசலில் வருகிறது. ஜனாஸாவைத் தாமதமின்றி அடக்க வேண்டும் என்ற நம் துடிப்பு சரியானது. ஆனால் விபத்து, விஷம், தற்கொலை போன்ற இறப்புகளில் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடியுமுன் உடலை விடும் அதிகாரம் காவலருக்கு இல்லை. அவரிடம் சண்டையிட்டால் நேரம்தான் வீணாகும். ஜமாஅத் நிர்வாகி ஒருவரையும் நெருங்கிய உறவினர் ஒருவரையும் உடனே காவல் நிலையத்துக்கு அனுப்பி, வேண்டிய தாள்களை முடிப்பதே விரைவான வழி. கோபத்தில் மருத்துவமனையில் வன்முறையில் இறங்கினால், தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஜனாஸா தொழுகைக்கு நிற்க வேண்டிய மகன் லாக்கப்பில் இருக்க நேரலாம்.

வாசலில் நிற்பவரும் ஒரு குடும்பத்தின் பிள்ளை. அவருக்கு ஸலாமோ வணக்கமோ சொல்லி, அவர் கேட்கும் சீட்டைப் பொறுமையோடு காட்டுவோம். ஹலாலான இந்த உழைப்பில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு அல்லாஹ் பரக்கத்தையும் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.