பொன்னாடையும் ஒரு கேள்வியும்

கேள்வி: பொறியாளர் அமைப்புகள் ஆண்டு முழுக்க நடத்தும் சொற்பொழிவுகளுக்கு நேரில் போகத்தான் வேண்டுமா? எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறதே! (வாசகர், திருச்சி)

பதில்: கிடைக்கும், ஆனால் நீங்கள் குறுக்கே கேள்வி கேட்டால் காணொளி பதில் சொல்லாது. 1920-ல் சென்னையில் பதிவான இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம், பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா பிறந்த செப்டம்பர் 15-ஐப் பொறியாளர் தினமாகக் கொண்டாடுவது மாலை போட மட்டுமல்ல, அனுபவசாலிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்தான். பாடநூல் சரியான வடிவமைப்பைக் கற்றுத்தரும். விரிசல் விட்ட தூணை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைக் களத்தில் நின்றவர்தான் சொல்வார், அதுவும் கேட்டால்தான். 'வரவேற்புரையே அரை மணி நேரம் ஓடுமே' என்பீர்கள். உண்மைதான். ஆகவே ஆண்டு நிரலில் உங்கள் துறைக்கான நான்கு கூட்டங்களை மட்டும் குறித்துக்கொண்டு, கையில் ஒரு கேள்வியோடு போங்கள். மேடையில் கேட்கத் தயங்கினால் தேநீர் வேளையில் கேளுங்கள். பொன்னாடை பேச்சாளருக்கு, பதில் உங்களுக்கு!