போட்டியும் கூட்டுறவும்

மக்கள் வாழ்வில் போட்டி என்பது முற்றும் தீயதன்று. ஒரு தெருவில் இரண்டு கடைகள் இருப்பின், இரண்டும் நல்ல சரக்கை நியாயமான விலைக்கு விற்க முயலும். வாங்குவோர் பயன் பெறுவர். ஆயினும் எப்போட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்தடுத்த நிலங்களையுடைய உழவர் இருவர், ஒருவரையொருவர் விஞ்சக் கருதித் தத்தம் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே சென்றால் நேர்வது யாது? முதலில் ஒருவர் கிணறு வற்றும். பின்னர் மற்றவர் கிணறும் வற்றும். இறுதியில் வென்றவர் எவருமிலர். நாடுகளுக்கிடையே நிகழும் வாணிகப் போட்டியும் எல்லை கடக்கும்போது இத்தகைய முடிவையே எய்துகிறது. இவ்வுண்மையைப் பால் என்னும் ஒரு பொருளின் வரலாற்றைக் கொண்டே தெளியலாம்.

பால், நெல்லைப் போலவும் பருத்தியைப் போலவும் சேமித்து வைத்து, நல்ல விலை வரும்வரை காத்திருந்து விற்கத்தக்க பொருளன்று. கறந்த சில மணி நேரத்துள் அது கெடத் தொடங்கும். சந்தை நிலவரத்தைக் கேட்டு மாடு கறப்பதுமில்லை; காலையும் மாலையும் மடி நிரம்பவே செய்யும். ஆதலின், தனித்து நிற்கும் பால் உற்பத்தியாளருக்குப் பேரம் பேசும் ஆற்றல் மிகக் குறைவு. வாங்குவோர் கூறும் விலைக்கு அவர் கொடுத்தாக வேண்டும். இன்றேல் பாலைத் தரையில் கொட்ட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போதும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் மேற்கு ஐரோப்பிய மக்கள் உணவுப் பற்றாக்குறையால் துன்புற்றனர். அந்நிலை மீண்டும் வாராமற் காக்க விரும்பினர் அந்நாடுகளின் தலைவர்கள். 1957-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையால் தோன்றிய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், நாளடைவில் உழவர்களுக்கு உறுதியான விலை கிடைக்குமாறு செய்தது. சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்குமாயின், வெண்ணெயும் பாற்பொடியும் பொதுப்பணத்தில் வாங்கிச் சேமிக்கப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆனால், எவ்வளவு உற்பத்தி செய்தாலும் விலை போகும் என்ற உறுதி, தேவைக்கு மேற்பட்ட உற்பத்தியைத் தூண்டியது. 1960-களின் இறுதியிலேயே வெண்ணெய் குவியத் தொடங்கியது. 1986-இல் குளிர்பதனக் கிடங்குகளில் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட வெண்ணெய் தேங்கிக் கிடந்தது. மக்கள் அதனை ‘வெண்ணெய் மலை’ என எள்ளி நகைத்தனர்.

மிகுந்த பொருளை எங்கேனும் விற்றாக வேண்டுமன்றோ? உள்நாட்டு விலைக்கும் உலகச் சந்தை விலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அரசாங்கமே ஈடுசெய்து, ஐரோப்பியப் பால்பொருள்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பியது. அடக்க விலைக்கும் குறைவாக அவை அங்கே விற்கப்பட்டன. இவ்வாறு விற்ற நாடுகளேனும் நலம் பெற்றனவா? இல்லை. செலவு பெருகவே, 1984-இல் ஒவ்வொரு நாடும் இவ்வளவு பாலே உற்பத்தி செய்யலாம் என்று அளவு வகுக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் அவ்வளவு நீக்கப்பட்டது. உலகச் சந்தையில் தேவை தளர்ந்திருந்த அவ்வேளையில் உற்பத்தி மிகுந்தது, விலை வீழ்ந்தது. மறு ஆண்டே, பால் உற்பத்தியைக் குறைத்துக் கொள்ளும் உழவர்க்குப் பணம் தரும் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் வகுக்க நேர்ந்தது. உற்பத்தியைப் பெருக்க ஒருகாலத்தில் பணம் செலவிட்டவர்கள், பின்னர் அதனைக் குறைக்கவும் பணம் செலவிட்டனர்.

இப்போட்டியின் வெம்மை தொலைவிலுள்ள எளியோரையும் தாக்கியது. கரிபியன் கடலிலுள்ள ஜமைக்கா, கடன் சுமையால் வருந்திய தீவு. 1990-களின் தொடக்கத்தில் அது இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மானியத்தால் விலை குறைந்த வெளிநாட்டுப் பாற்பொடி அங்கே வந்து குவிந்தது. உள்நாட்டுப் பண்ணையாளரின் பாலை வாங்குவார் குறைந்தனர். பலர் பாலைத் தரையில் கொட்டவும், கறவைகளை இறைச்சிக்காக விற்கவும் நேர்ந்தது. அவர்கள் சோம்பலால் வீழ்ந்தவரல்லர். தமக்கு ஒப்பில்லாத ஆற்றலோடு போட்டியிட நேர்ந்ததால் வீழ்ந்தவர். வேளாண் பொருள்களுக்கான ஏற்றுமதி மானியங்களை ஒழிப்பதென 2015-இல் நைரோபியில் கூடிய உலக வணிக அமைப்பின் மாநாடு முடிவு செய்தது. எனினும், அதற்கு முன்பே நலிந்தவர் பலர்.

இத்தகைய வெள்ளத்தின் முன் ஓரிரு மாடுகளையுடைய சிறு உழவர் நிலைத்து நிற்றல் இயலுமா? இயலும் என்பதைக் காட்டினர், குஜராத்திலுள்ள கேடா மாவட்டத்து மக்கள்.

1945-இல் அன்றைய பம்பாய் அரசாங்கம், நகர மக்களுக்குப் பால் வழங்கத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நானூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆனந்த் என்னும் ஊரிலிருந்து பால் கொண்டுவரப்பட்டது. அதனைச் சேகரித்து அனுப்பும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. நகரில் நல்ல விலைக்கு விற்ற பாலுக்கு, மாடு வளர்த்தவர் பெற்ற பங்கு மிகச் சிறிது. இடையே நின்ற தரகர்களும் தம் பங்கை எடுத்துக் கொண்டனர். மனம் வருந்திய உழவர்கள் சர்தார் வல்லபாய் பட்டேலை அணுகினர். கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே பாலை விற்குமாறும், அதற்கு இடையூறு நேரின் பால் தர மறுத்து நிற்குமாறும் அவர் அறிவுரை கூறினார்.

1946-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள், சமர்க்கா என்னும் சிற்றூரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் உழவர்கள் கூடினர். ஊர்தோறும் சங்கம் அமைப்பதென்றும், சங்கத்திற்கன்றி வேறெவர்க்கும் பால் தருவதில்லையென்றும் உறுதி பூண்டனர். பதினைந்து நாட்கள் அவர்கள் பால் விற்கவில்லை. அன்றாடம் பால் விற்று அடுப்பெரிக்கும் குடும்பங்களுக்குப் பதினைந்து நாட்கள் சிறிய காலமன்று. ஒருவர் மனம் தளர்ந்து மறைவாக விற்றிருப்பினும் மற்றவர் உறுதி குலைந்திருக்கும். அவர்கள் குலையவில்லை, அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவரானார். இரண்டே சங்கங்களும், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 250 லிட்டர் பாலுமே அதன் தொடக்கம். இன்று ‘அமுல்’ எனப் புகழ்பெற்று விளங்குவது இவ்வித்தினின்று முளைத்த மரமே.

இவ்வமைப்பின் முறை எளியது. உறுப்பினர் காலையிலும் மாலையிலும் பாலைக் கொணர்ந்து, வந்த வரிசைப்படி நின்று ஊற்றுகின்றனர். அளவும் கொழுப்புச் சத்தும் கணக்கிடப்பட்டு அவற்றிற்கேற்ப விலை தரப்படுகிறது. பத்து மாடுகள் உடையவர்க்கும் ஒரு வாக்கே; ஓர் எருமை உடையவர்க்கும் ஒரு வாக்கே. ஊர்ச்சங்கங்கள் கூடி மாவட்ட ஒன்றியமாகின்றன. ஒன்றியங்கள் கூடி மாநில இணையமாகின்றன. பாலைப் பதப்படுத்தும் ஆலையும், கால்நடை மருத்துவரும், தீவனத் தொழிற்சாலையும் தனியொருவரால் அமைக்க இயலாதவை; பலர் கூடியவிடத்து அனைவர்க்கும் உரியவையாகின்றன. வலையின் ஒரு கண் தனித்து மீனைப் பிடிப்பதில்லை. கண்கள் பல பிணைந்தபோதே அது வலையாகிறது.

உழவர்களின் ஒற்றுமைக்கு அறிவியலும் துணை நின்றது. கோழிக்கோட்டிற் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்திற்கு வந்தார். எருமைப் பாலைப் பொடியாக்குதல் இயலாது என்று மேனாட்டு வல்லுநர் கருதிய காலம் அது. அவருடன் பணியாற்றிய தலாயா என்னும் அறிஞர் அதனைச் செய்து காட்டினார். 1955-இல் பிரதமர் நேரு அங்குப் பாற்பொடித் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். பால் மிகும் காலத்தில் பொடியாக்கி, குறையும் காலத்தில் பயன்படுத்தும் ஆற்றல் இவ்வாறு உழவர் கைக்கே வந்தது.

பின்னர் ஒரு பெருஞ்சோதனை எதிர்ப்பட்டது. ஐரோப்பாவில் குவிந்த பாற்பொடியும் வெண்ணெயும் என்றேனும் இந்தியாவிற்கு மலிவாகவோ இலவசமாகவோ வந்து சேரும் என்பதைக் குரியன் உணர்ந்தார். அவ்வாறு வரின் உள்நாட்டுப் பாலுக்கு விலையின்றிப் போகும். ஆதலின் அவர் மாற்றுவழி கண்டார். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்திற்கென, உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக 1,26,000 டன் பாற்பொடியும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாகப் பெறப்பட்டன. அவை மலிவாக வாரி இறைக்கப்படவில்லை. பாலாக மாற்றப்பட்டு, உள்நாட்டு உழவரின் பாலுக்குக் கேடு வாராத விலையில் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் விற்கப்பட்டன. அப்பணம் சங்கங்களையும் ஆலைகளையும் அமைக்க உதவியது. ஜமைக்காவில் உழவரை வீழ்த்திய அதே பொருள், இங்கு உழவரை உயர்த்தும் முதலாயிற்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், இங்கு அதனை ஏற்று ஆள ஓர் அமைப்பு இருந்தமையே.

1996-இல் அத்திட்டம் நிறைவுற்றபோது நாட்டில் எழுபதினாயிரத்திற்கு மேற்பட்ட ஊர்ச்சங்கங்கள் இயங்கின. 1998-இல் இந்தியா உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. தமிழ்நாட்டிலும் 1981-இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் அமைந்தது. ‘ஆவின்’ என்னும் பெயரை இந்நாட்டில் அறியாதார் இலர். பால் வளம் அனைத்தும் சங்கங்களால் மட்டுமே விளைந்தது எனல் பொருந்தாது. எனினும், சிறு உழவர்க்கு உரிய விலை உண்டு என்னும் நம்பிக்கையை அவையே ஊன்றின.

கூட்டுறவு என்னும் பெயரொன்றே பயன் தந்துவிடாது. பாலில் நீர் கலக்கும் உறுப்பினரும், பொதுப்பணத்தைத் தம்முடையதாகக் கருதும் நிருவாகியும், தேர்தலில் கருத்தின்றி இருக்கும் ஊராரும் நல்ல சங்கத்தையும் கெடுத்துவிடுவர். விழிப்பும் நேர்மையும் உள்ளவிடத்தே அது தழைக்கும்.

தனிமரம் தோப்பாகாது என்பது பழமொழி. தரத்தில் போட்டியிடுவது நன்று. பிறரை அழிக்கப் போட்டியிடுவது முடிவில் தம்மையே அழிப்பதாகும். சமர்க்காவில் கூடிய எளிய உழவர்கள் எவரையும் வீழ்த்த எண்ணவில்லை. தாம் வீழாதிருக்கவே ஒன்றுகூடினர். தாம் எழுந்தபோது பலரையும் உடன் எழச் செய்தனர். வலிமை என்பது பிறரைத் தள்ளி முன்னே ஓடுவதிலன்று, பிறரோடு கைகோத்து நிற்பதிலேயே உள்ளது என்பதை அவர்தம் வாழ்வு உலகிற்கு உணர்த்துகிறது.