ஏரி நீரின் நுண்பிராணிகளும் அவை இடர்களைத் தாங்கும் விதமும்

பாசன ஏரியின் ஜலத்தைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், ஊசிமுனையளவான புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்துவதைக் காணலாம். இவற்றுள் முக்கியமானவை நீர்த்தெள்ளுகள். பெயர் அவ்வாறிருப்பினும் இவை பூச்சிகளல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தவை. இவை பாசியை உண்டு ஜலத்தைத் தெளிவிக்கின்றன. கட்லா, ரோகு முதலிய மீன்களின் இளங்குஞ்சுகளுக்கு இத்தகைய நுண்பிராணிகளே ஏற்ற ஆகாரம். ஆகவே, மீன்பாசிக் குத்தகையால் வருமானம் பெறும் கிராமங்கள் இவற்றின் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

வறட்சி.— ஏரி நிறைந்து ஆகாரம் மிகுந்த காலத்தில் நீர்த்தெள்ளுகளுள் பெண்களே பெரும்பாலும் காணப்படும். அவை ஆணின் சேர்க்கையின்றியே பெண் குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகளும் சில தினங்களில் தாயாகிவிடும். நீர் வற்றி, நெருக்கமும் ஆகாரக் குறைவும் ஏற்பட்டால் ஆண் குஞ்சுகளும் தோன்றுகின்றன. அப்பொழுது உண்டாகும் முட்டைகள் கடினமான உறையுள் அடங்கி வண்டலில் தங்கும். ஏரித்தரை வெடித்துக் கிடந்தாலும் அவற்றுட் பல கெடுவதில்லை. நீர் வந்ததும் பொரிக்கும். விதைநெல்லைக் குதிரில் சேமிப்பதற்கு இஃது ஒப்பாகும். அமெரிக்காவில் மின்னசோட்டா ராஜ்யத்து ஏரியொன்றின் சேற்றிலிருந்த, ஏறக்குறைய 700 வருஷத்து முட்டைகளும் பொரித்தன என்று 2014-ஆம் வருஷத்தில் சாஸ்திரிகள் வெளியிட்டனர்.

பிராணவாயுக் குறைவு.— ஜலத்தில் பிராணவாயு குறைந்தால், பல நீர்த்தெள்ளுகள் நமது இரத்தத்திலுள்ளது போன்ற செந்நிறப் பொருளைத் தம் உடலில் மிகுதியாக உண்டாக்கி, உள்ள வாயுவைச் சேகரித்துக்கொள்கின்றன. அதனால் அவற்றின் உடல் சிவந்து தோன்றும்.

மீன்களின் பகை.— ஆழமுள்ள நீர்நிலைகளில் இவை பகலில் அடியில் மறைந்து, இரவில் மேலே வந்து மேய்கின்றன. மீன்களினின்று ஜலத்தில் கலக்கும் பொருள்களை உணர்ந்து, சில ஜாதிகள் சிறிய உருவிலேயே பருவமெய்துகின்றன. சிறிய பிராணி மீனின் கண்ணுக்கு எளிதில் அகப்படாது.

தலைமுறை மாறுதல்.— மேற்கூறியவை ஒரே பிராணியின் ஆயுளில் நிகழ்பவை. சந்ததி தோறும் நிகழும் மாறுதலும் உண்டு. ஐரோப்பாவிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் கழிவுநீர் கலந்து பாஸ்வரச் சத்து மிகவே, தீங்கான நீலப்பச்சைப் பாசி பெருகிற்று. அவ்வேரியின் சேற்றில் வெவ்வேறு காலங்களில் படிந்த முட்டைகளைப் பொரிக்கச்செய்து பரீட்சித்தனர். 1960-களைச் சேர்ந்தவற்றைக் காட்டிலும் 1978-க்குப் பிற்பட்டவை அப்பாசியை நன்கு தாங்கின. இது 1999-ஆம் வருஷத்தில் வெளியிடப்பட்டது. தாங்கவல்லவை பிழைத்துப் பெருகினமையே இதற்குக் காரணம்.

எல்லை.— இங்ஙனம் மாறுவதற்குச் சில வருஷங்களும் பல தலைமுறைகளும் வேண்டும். பூச்சிமருந்தோ அத்தவணை கொடுப்பதில்லை. மருந்துகளின் நஞ்சை அளவிடும் பரீட்சையில் நீர்த்தெள்ளுகளை 48 மணி நேரம் மருந்து கலந்த ஜலத்தில் விட்டுப் பார்ப்பது வழக்கம். பல பூச்சிமருந்துகள் மிகச் சொற்ப அளவிலேயே அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன.

செய்யத்தக்கவை.— மருந்து தெளிக்கும் கருவியை ஏரியிலும் வரத்துக்காலிலும் கழுவலாகாது. மருந்திட்ட வயலின் நீரை உடனே வடித்து வேறு குளத்திற்கு விடலாகாது. மழை வருங்குறி தோன்றும்போது தெளிப்பதைத் தவிர்க்கவேண்டும். பொரிக்கவல்ல முட்டைகள் பெரும்பாலும் மேல்வண்டலிலேயே உள்ளமையால், வண்டலெடுக்கும் பொழுது தரை முழுவதையும் ஒரே வருஷத்தில் சுரண்டாது, ஒரு பகுதியை விட்டுவைத்தல் நன்று.

ஏரியின் நிலையை அறிய விரும்புவோர், கோடையில் காய்ந்த மேல்வண்டல் ஒரு பிடியைச் சுத்தமான கிணற்று நீரிலிட்டு, கொசு புகாதபடி மெல்லிய துணியால் மூடி, வெளிச்சமுள்ள நிழலில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம். துள்ளும் புள்ளிகள் தோன்றினால் ஏரியின் குதிரில் விதை இருக்கின்றது என்று கொள்ளலாம்.