தீவுகளுக்கு நடுவே தனியாக

செம்பாக்கம்

அன்புள்ள கயல்,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. படிப்பு முடிந்ததும் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி, சின்னப் பாய்மரப் படகில் துணையில்லாமல் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று தடுக்க மாட்டேன். கப்பலிலேயே காலம் தள்ளியவனுக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனால் நீ எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுகிறாய்.

நடுக்கடல் என்றால் உனக்கு நடுக்கம், பக்கத்தில் தீவு தெரிந்தால் தைரியம். தனியாளுக்கு இது தலைகீழ். முதன்முதலில் தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கம் 1897இல் ஆஸ்திரேலியாவின் வடமுனையிலிருந்து கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தார். அத்தனை தூரத்துக்கும் அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரத்துக்குள்தான். படகு தன்பாட்டுக்குப் போயிற்று, அவர் படித்தார், தூங்கினார். அதே மனிதர் அதற்கு முன்பு உருகுவே கரையை ஒட்டி வந்தபோது படகு மணலில் ஏறிவிட்டது. அவருக்கு நீச்சலும் தெரியாது. (அதில் மட்டும் அவரைப் பின்பற்றாதே.)

கரையும் பாரும் உள்ள இடத்தில் தூங்க முடியாது, அதுதான் சங்கதி. பாய், கயிறு, சுக்கான், வரைபடம் எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரு ஜோடி கண். பவளப்பாரைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்: வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் ஆழம் நீலமாகவும் பார் பழுப்பாகவும் தெரியும், வெயில் முகத்தில் அடித்தால் தண்ணீர் வெறும் தகடு. நீ போவது தென்மேற்காக. ஆகவே விடிந்ததும் புறப்பட்டு, மதியத்துக்குள் ஓட்டத்தை முடித்துவிடு.

இரவு எங்கே? தீவுகளில் அல்ல. 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் எல்லைக்குள் போகவே கூடாது, தீவில் கூடாரம் போடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். தீவுகள் கரையிலிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், வேம்பார், தருவைக்குளம் என்று ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்து தூங்கு. ‘தனியாக’ என்ற பெருமை இதனால் குறையாது. அந்தக் கரைகளில் இருப்பவர்களிடம் கேட்காமல் போகிறவளை எனக்குப் பிடிக்காது. வாடை எப்போது இறங்கும், கச்சான் காற்று எந்த மாதம் வலுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெண்கடல் முறை. பாம்பனில் ஒரு பாலம்தான் இரண்டையும் பிரிக்கிறது, ஆனாலும் ஒரே நாளில் இரண்டு வேறு கடல். பெண்கடல் பக்கம் போனால் காற்றும் நீரோட்டமும் உன்னைக் கிழக்கே தள்ளி எல்லைக் கோட்டைத் தாண்ட வைக்கலாம். அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது, இலங்கைக் கடற்படைக்கு நன்றாகத் தெரியும்.

தனிப்பயணம் என்றால் யாரும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அபிலாஷ் டோமியைப் பார். 2013இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி மும்பை திரும்பிய முதல் இந்தியர். 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் பந்தயத்தின் நடுவே, தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அவர் படகின் பாய்மரத்தை ஒடித்தது, முதுகெலும்பில் காயம், அசைய முடியவில்லை. மொரீஷியஸிலிருந்து போன நம் கடற்படை விமானம் படகைக் கண்டது. பிரெஞ்சு மீன்பிடிக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று மூன்றாம் நாள் அவரை மீட்டது. முதுகில் டைட்டானியம் பொருத்திக்கொண்டு அதே பந்தயத்துக்குத் திரும்பி, 2023 ஏப்ரலில் இரண்டாம் இடம் பிடித்தார். எல்லோரும் அந்தத் திரும்பலைத்தான் புகழ்கிறார்கள். நானோ, தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் கருவிகள் அவர் படகில் வேலை செய்ததைப் பெரிதாக நினைக்கிறேன். வி.எச்.எஃப். ரேடியோ, அவசரக் கருவி, கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண், உன் போக்கு தெரிந்த ஒரு ஆள் கரையில். இவை இல்லாவிட்டால் கயிற்றை அவிழ்க்காதே.

முதலில் கவிழப் பழகு. சென்னைத் துறைமுகத்தில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் கற்றுத் தருகிறது. அங்கே கோடை முகாமில் தொடங்கிய நேத்ரா குமணன்தான் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை. டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் போட்டியிட்டார். அவர் ஓட்டுவது ஒரு ஆள், ஒரு பாய் உள்ள நாலு மீட்டர் படகு. உனக்கும் அதுவே போதும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன், பக்கத்திலேயே துறைமுகம். கவிழ்ந்த படகை நடுத்துறைமுகத்தில் பத்துப் பேர் பார்க்க நிமிர்த்தத் தெரியாதவள், யாரும் பார்க்காத இடத்தில் நிமிர்த்த மாட்டாள்.

விடுமுறைக்கு வரும்போது நம் ஏரிக்கரையில் நில். கடல் இங்கிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து சேரும். எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து என்று நோட்டில் எழுது. அது தாமதமான நாளில் வெயில் என்ன ஆயிற்று, மேகம் எங்கே நின்றது என்றும் எழுது. செலவில்லாத பாடம்.

இதையெல்லாம் முடித்த பிறகு, தாம்பரத்திலிருந்தே ராமேஸ்வரத்துக்கு 2025 ஏப்ரல் முதல் ரயில் ஓடுகிறது, நானும் வருகிறேன். கரையில் இருக்க வேண்டிய அந்த ஒரு ஆள் நானாக இருக்கட்டும். பயிற்சிக் கட்டணம் என் பொறுப்பு. அம்மாவிடம் சொல்வது உன் பொறுப்பு, இந்த வாரமே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா