வீட்டில் பழக எந்த பேஸ் ஆம்ப்?

கேள்வி: ஐயா, கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் பழகிவருகிறேன். ஆம்ப் இல்லாததால் அண்ணனுடைய 10 வாட் கிட்டார் ஆம்பில் செருகி வாசிக்கிறேன். ஈ ஸ்ட்ரிங்கைத் தொட்டாலே ‘பர்ர்’ என்று அதிர்கிறது, சுரம் தெளிவாக இல்லை. நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. என் அறை பத்துக்குப் பத்து. கடைக்காரர், “வாங்குறதுதான் வாங்குறீங்க, நூறு வாட்டா எடுத்துக்கோங்க, சர்ச்சுக்கும் ஆகும்” என்கிறார். யூடியூபில் 3 வாட் பெட்டியே போதும் என்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசிக்கவும் ஆசை. எதை வாங்கட்டும்?
– ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, இரண்டு யோசனையும் உங்களுக்குப் பொருந்தாது. எட்டு அல்லது பத்து அங்குல ஸ்பீக்கரும் 25 முதல் 40 வாட்டும் உள்ள ஒரு பேஸ் காம்போ போதும். அதில் ஹெட்ஃபோன் ஜாக் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதலில் அண்ணனின் ஆம்ப். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உங்கள் ஈ ஸ்ட்ரிங் அதற்குச் சரிபாதி, சுமார் 41 ஹெர்ட்ஸ். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பல கிட்டார் ஆம்புகளின் பெட்டி பின்பக்கம் திறந்தே இருக்கும். ஸ்பீக்கரின் முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் எதிரெதிராக இருப்பதால், தாழ்ந்த சுரங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒலி போதவில்லையே என்று நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் அடிபடும். நீங்கள் சொல்லும் ‘பர்ர்’ அதுதான். புதிய ஆம்ப் வரும்வரை மிகக் குறைந்த வால்யூமில் மட்டும் வாசியுங்கள், இல்லையென்றால் அண்ணனின் ஸ்பீக்கர் கெட்டுவிடும்.

மறுபக்கமாகப் பயமில்லை. பேஸ் ஆம்பில் கிட்டாரைத் தாராளமாக வாசிக்கலாம். லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். அதற்குத் துணையாக 15 அங்குல ஸ்பீக்கரோடு பேஸ்மேன் என்ற ஆம்ப் 1952-இல் வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்த, நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர் கொண்ட பேஸ்மேனை கிட்டார் கலைஞர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் செய்த முதல் ஆம்புகள் அதைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஆகவே நீங்கள் வாங்கப்போவது அண்ணனுக்கும் உதவும்.

இனி 3 வாட் பெட்டி. அதன் மூன்று அங்குல ஸ்பீக்கரிலிருந்து 41 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய வரவே வராது. ஆனாலும் ஈ சுரம் ஈ சுரமாகவே கேட்கும். காரணம், ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் மடங்குகளான 82, 123, 165 ஹெர்ட்ஸ் எல்லாம் சேர்ந்தே எழும். அந்த மடங்குகளைக் கேட்டதுமே காணாமல்போன அடிப்படையை நம் மூளை தானே நிரப்பிக்கொள்ளும். செல்போன் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும்போது பேஸ் வரியை நாம் ஓரளவு பின்தொடர முடிவதும் இதனால்தான். எட்டு அங்குல ஸ்பீக்கரிலும் அடிப்படையின் ஒரு பகுதி இப்படித்தான் காதுக்கு வருகிறது. ஆனால் அங்கே இரண்டாவது மடங்கு திடமாக ஒலிக்கும், மூன்று அங்குலத்தில் அதுவும் சோனி.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பேஸ் பழகுபவர் முதலில் கேட்கக் கற்க வேண்டியது சுரம் எங்கே முடிகிறது என்பதை. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியொரு மெட்டாக நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்தச் சுரம் அடுத்தது வரைக்கும் நீள்கிறது, எது பாதியில் நறுக்கப்படுகிறது என்பதில்தான் அந்த நடையின் அழகு இருக்கிறது. இடதுகை விரலைச் சற்றுத் தாமதமாகத் தூக்கினால், அல்லது வாசிக்காத தந்தியை அமுக்கத் தவறினால், அடியில் ஒரு முனகல் தங்கிவிடும். சின்ன பெட்டி அந்த முனகலை மறைத்துவிடும். அதிலேயே பழகியவர் ஒருநாள் பெரிய ஸ்பீக்கர் முன்னால் நிற்கும்போது, தன் வாசிப்பு இவ்வளவு குழம்பியிருக்கிறதே என்று திகைப்பார். பயணத்துக்கு 3 வாட் நல்லது. கற்பதற்கு அது போதாது.

நூறு வாட்டுக்கு வருவோம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அக்கம்பக்கத்தார் பொறுக்கும் அளவில் நீங்கள் வாசிக்கும்போது, சராசரியாக ஒரு வாட்கூடச் செலவாகாது. மிச்சம் இருப்பது, பலமாக ஒரு சுரத்தைத் தட்டும்போது ஒலி சிதறாமல் இருக்கத்தான் பயன்படும். அதற்கு 25 வாட் தாராளம்.

குறைந்த வால்யூமில் பேஸுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒலி குறையக் குறைய, தாழ்ந்த சுரங்கள் மட்டும் காதிலிருந்து மற்றவற்றைவிட வேகமாக மறையும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் கடையில் ஆம்பை முழங்கவிட்டுப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் பேஸையே எடுத்துச் செல்லுங்கள். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். பக்கத்தில் ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் கேட்கும் அளவுக்கு வால்யூமைக் குறையுங்கள். ஈ ஸ்ட்ரிங்கை எதுவும் அழுத்தாமல் மீட்டி, அங்கிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலேறுங்கள். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே கனத்தில் வருகிறதா, பெட்டியின் ஏதாவது ஒரு மூலை கடகடக்கிறதா என்று கேளுங்கள். அந்த வால்யூமில் எந்த ஆம்ப் உங்களுக்குத் தெளிவாகப் பேசுகிறதோ, அதுவே உங்கள் ஆம்ப்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஏ சுரம் மட்டும் ‘பூம்’ என்று தூக்கலாகக் கேட்கலாம். ஆம்ப் மீது குற்றமில்லை. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 56, 57 ஹெர்ட்ஸ் வாக்கில் அலை தங்கி நிற்கும். உங்கள் ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் அறையில் இந்தக் கோளாறு இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் விழுவதால் இன்னும் மோசமாகும். சுவரோரம் அந்தச் சுரம் வீங்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். ஆம்பை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில், ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தை ஓரிரு அடி மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

சர்ச் விஷயத்துக்கு நூறு வாட் அவசியமில்லை. அங்கே மிக்ஸர் இருந்தால், ஆம்பின் பின்னாலிருக்கும் லைன் அவுட்டிலிருந்து ஒரு கேபிள் மிக்ஸருக்குப் போகட்டும். சபைக்குக் கேட்க வேண்டியதை அவர்களுடைய பெரிய பாக்ஸ் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும் ஒலித்தால் போதும். ஃபெண்டர் ரம்பிள் 40-இல் இந்த வசதி இருக்கிறது. பத்து அங்குல ஸ்பீக்கர், எடை எட்டு கிலோ சொச்சம், ஒற்றைக் கையில் தூக்கிப் போகலாம். அதன் தம்பியான ரம்பிள் 25-இல் எட்டு அங்குல ஸ்பீக்கர். வீட்டோடு சரி என்றால் அது போதும். ஆம்பெக் ராக்கெட் பேஸ் வரிசையில் 30 வாட் ஆர்பி-108, டியூனரோடு வரும் ஆரஞ்ச் க்ரஷ் பேஸ் 25 ஆகியவையும் இதே வகுப்பில் நல்லவை. எஃபெக்ட்ஸ் எத்தனை என்று எண்ணாதீர்கள், இந்தக் கட்டத்தில் அது தேவையே இல்லை. சர்ச்சில் வாசிக்கும் ஆசை உங்களுக்கு உறுதியாக இருப்பதால் என் தேர்வு ரம்பிள் 40.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவர் பயன்படுத்திய பேஸ் ஆம்பை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் இங்கே ஓடுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தயவுசெய்து அப்படியே செருகிவிடாதீர்கள், அம்மா. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. கடையில் விற்கும் பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. செல்போன் சார்ஜர் இரண்டு ஊரிலும் ஓடுகிறதே என்று ஆம்பையும் அப்படி நினைத்துவிடக் கூடாது.

சித்தப்பா கிளம்புமுன் ஆம்பின் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் பிரச்சினை இல்லை. சிலவற்றில் 120, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும், இங்கே செருகுமுன் அதை 230-க்குத் தள்ள வேண்டும். ஃபியூஸும் அதற்கேற்ற அளவில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் 120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் போட்டிருக்கும் வாட் அளவைப்போல இரண்டு மடங்கு தாங்குவதாக அது இருக்கட்டும். அந்தச் செலவையும் சுமையையும் கணக்குப் பார்த்தால், 120 மட்டும் ஏற்கும் சின்ன ஆம்பைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது வீண்.

எந்த ஆம்ப் ஆனாலும் மூன்றாவது முள்ளை, அதாவது எர்த்தை, ஒருபோதும் துண்டிக்காதீர்கள். ஹம்மிங் போக வேண்டுமென்று சிலர் அப்படிச் செய்யச் சொல்வார்கள். உங்கள் விரல் தொடும் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத நிலையில் உள்ளே ஒரு பழுது வந்தால் மின்சாரம் தந்திக்கே வந்துவிடும். பழைய வீடாக இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் இரவில்தான் பேஸ் வாசிக்கிறான். கீழ்வீட்டிலிருந்து புகார் வருகிறது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?
– ஒரு தாய், சென்னை

பதில்: ப்ளூடூத் வேண்டாம், வயர் உள்ள ஹெட்ஃபோன் வாங்குங்கள். ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வர 100 முதல் 200 மில்லி செகண்ட் தாமதமாவது சாதாரணம். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு பீட்டை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லி செகண்ட்தான். தந்தியைத் தொட்ட பிறகு அவ்வளவு நேரம் கழித்துச் சுரம் கேட்டால் பிள்ளையின் தாளம் கெட்டுப்போகும். ஆம்பில் ப்ளூடூத் இருந்தால், அது செல்போனிலிருந்து பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிக்க மட்டும்.

கீழ்வீட்டுக்குப் போகும் சத்தத்தில் கணிசமான பங்கு தரை வழியாக இறங்குவது. ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து, அடியில் தடித்த ஃபோம் வையுங்கள். முழுக்க நிற்காது, குறையும். காது முழுவதையும் மூடும் ஹெட்ஃபோனாகப் பாருங்கள், சின்ன இயர்போனில் பேஸ் போதவில்லை என்று அவன் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவான், காதுக்கு ஆபத்து. இரவு ஒன்பதுக்கு மேல் ஹெட்ஃபோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடுமுறை நாளில் பகலில் ஒரு மணி நேரமாவது அவன் ஸ்பீக்கரில் வாசிக்கட்டும். கீழ்வீட்டாரிடம் நீங்களே ஒருமுறை இறங்கிப் போய் அந்த நேரத்தைப் பேசி வைத்துவிடுங்கள்.