வேலையில் ஒரு பங்கு பிள்ளைக்கு
முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு பால்வாடி டீச்சரின் அறிவுரைகள்

கண்ணுகளா,

ராசிபுரம் வட்டாரத்தில் அங்கன்வாடி மையம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஊரார் இன்றும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கைப்பிள்ளையோடு வீட்டுக்கு வரும் இளசுகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “டீச்சர், பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யக் கொடுக்கிறது? எங்களுக்கு நேரமே இருக்கிறதில்லையே.” தறி ஓட்டுகிறவர்கள், கோழிப்பண்ணைக்குப் போகிறவர்கள், லாரிக்குப் போகிறவர்கள், குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இதே கவலை.

பிள்ளைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாத வீட்டிலும் பிள்ளை நன்றாக வளரும். நீங்கள் எப்படியும் செய்யப்போகிற வேலையில் அதற்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும். நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

1. கொடுக்கும் வேலை நிஜ வேலையாக இருக்கட்டும்.

ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு கரண்டியை எடுத்துப்போய் ஆயாவிடம் கொடுக்கும். இரண்டு வயதில், காய்ந்த துணிக் குவியலிலிருந்து தன் சட்டையைத் தேடி எடுக்கும். மூன்று வயதில் கீரை ஆயும், பூண்டு உரிக்கும். நான்கு வயதில், சாப்பிட உட்காருகிறவர்களை எண்ணித் தட்டு வைக்கும். ஐந்து வயதில் கோலத்துக்குப் புள்ளி வைக்கும். சாயங்காலம் வீட்டில் தட்டுவடை செட் போட்டால், சட்னி தடவிய தட்டுவடைமேல் துருவிய பீட்ரூட்டையும் காரட்டையும் வைப்பது அதன் பொறுப்பு.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிள்ளை செய்கிற வேலையை வீடு பயன்படுத்த வேண்டும். அது ஆய்ந்த கீரைதான் அன்றைக்குக் கடைசலாக வேண்டும். அடுத்தது, அது செய்து முடித்ததை அதன் கண்முன்னால் திருத்தாதீர்கள். கோணலாக வைத்த தட்டு கோணலாகவே இருக்கட்டும். திருத்தினால், தன் கைக்கு மதிப்பில்லை என்று பிள்ளை தெரிந்துகொள்ளும். அடுத்த முறை கூப்பிட்டால் வராது.

2. கை வேலையில் இருந்தாலும் வாய் பிள்ளையோடு இருக்கட்டும்.

“இது சின்ன வெங்காயம், இது பெரிய வெங்காயம். எது வழவழன்னு இருக்குது, தொட்டுப் பாரு.” ஒரு நாளில் இப்படி நூறு பேச்சுப் பேசலாம். பிள்ளைக்குச் சொற்கள் சேருவது இப்படித்தான். நம் வட்டாரப் பேச்சிலேயே பேசுங்கள். பள்ளிக்கூடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும். வீட்டுப் பேச்சை வீடுதான் கொடுக்க முடியும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைப் பக்கத்துத் தறி வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். தறிச் சத்தத்தில் தாய் பேசுவது பிள்ளை காதில் விழாது. நாள் முழுதும் அந்தச் சத்தத்தில் படுத்திருந்தால் காதுக்கும் கெடுதல். தொட்டிலைத் தறிப்பட்டறைக்குள் கட்டாதீர்கள். முடிந்த அளவு தள்ளிக் கட்டுங்கள். கரண்ட் போகிற நேரத்தையும் ஷிப்ட் மாறுகிற நேரத்தையும் பிள்ளையோடு பேசுகிற நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. காசு கொடுத்து வாங்கும் பொம்மைக்கு முன், வீட்டில் இருக்கிற பொருளைப் பாருங்கள்.

நாமக்கல் பக்கம் முட்டை அட்டை இல்லாத வீடு குறைவு. ஒரு அட்டையில் ஐந்துக்கு ஆறாக 30 குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு கூழாங்கல் போடச் சொன்னால், இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் போவது தெரியாது. நான்கு வயதில் ஒரு வரிசைக்குச் சிவப்பு நூல், அடுத்த வரிசைக்குப் பச்சை நூல் என்று தறிக்கழிவை வைத்து நிறம் பிரிக்கும். குழியில் செம்மண் போட்டு, குழிக்கொரு வெண்டை விதை ஊன்றித் தண்ணீர் தெளித்தால், சில நாளில் முளை வரும். தினமும் விடிந்ததும் பிள்ளை ஓடிப்போய்ப் பார்க்கும்.

முட்டை இருந்த அட்டையை நல்ல வெயிலில் காயவைத்த பிறகே கொடுங்கள். பச்சை முட்டையையோ அட்டையையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் பழக்குங்கள். வாயில் போட்டுப் பார்க்கும் வயது தாண்டாத பிள்ளையிடம் கல்லையும் புளியங்கொட்டையையும் கொடுத்துவிட்டு நகராதீர்கள்.

4. ஓட விடுங்கள், உறங்க விடுங்கள்.

ஒன்று முதல் நான்கு வயது வரை பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டியது. மூன்று நான்கு வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இந்த மூன்று மணியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலையில் வெயில் ஏறும் முன் பாதி, பொழுது சாயும்போது மீதி. சித்திரை, வைகாசியில் நடுப்பகல் வீட்டுக்குள்தான். அப்போது பல்லாங்குழியும் தாயமும் எடுங்கள். மற்ற காலத்தில் நொண்டி, கண்ணாமூச்சி, பம்பரம் எதுவானாலும் சரி. ஒரு வாசலும் இரண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருந்தால் போதும்.

5. சோறு ஊட்ட போன் வேண்டாம்.

இரண்டு வயதுக்குள் திரை பார்க்கிற பழக்கமே வேண்டாம். அதற்குமேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் உள்ளது. நான் கண்டதில் பெரும்பாலும் தொல்லை தொடங்குவது சாப்பாட்டு நேரத்தில்தான். போனைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்கு ராகிக் களியின் ருசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. தட்டை அதன் முன்னால் வையுங்கள், களியைச் சின்ன உருண்டையாக உருட்டி வையுங்கள், அதன் கையாலேயே தின்னட்டும். பாதி தரையில் சிந்தும். சிந்தினதைத் துடைக்கவும் ஒரு துணி கொடுங்கள்.

6. அப்பா ஊரில் இல்லாத நாளிலும் அப்பா வீட்டில் இருக்கட்டும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் நாமக்கல் லாரிக்காரர்களும் வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக வடக்கே போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது பிள்ளை அப்பாவைக் கண்டு அம்மாவின் பின்னால் ஒளிகிறது. இதற்கு வழி உண்டு. சுவரில் ஓர் இந்திய வரைபடம் ஒட்டுங்கள். சேலம், நாமக்கல் வழியே போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை வருகிறது. அந்தக் கோட்டைப் பிள்ளையின் விரலைப் பிடித்துக் காட்டுங்கள். அப்பா போனில் கூப்பிடும்போது “சாப்பிட்டியா, தூங்கினியா” என்பதோடு விடாமல், இன்றைக்கு எந்த ஊர், அங்கே என்ன விளைந்திருக்கிறது, என்ன சாப்பிட்டேன் என்று சொல்லட்டும். பிள்ளை அந்த ஊரில் ஒரு பொட்டு வைக்கட்டும்.

வந்த அப்பாக்களுக்கு ஒரு சொல்: முதல் நாள் பிள்ளையை இழுத்துத் தூக்காதீர்கள். அது தானாகப் பக்கத்தில் வரும்வரை காத்திருங்கள். அடுத்த நாள் வண்டி கழுவும்போது கூட வைத்துக்கொண்டு ஒரு துணியைக் கையில் கொடுங்கள்.

7. பண்டிகையைப் பிள்ளையின் கையால் செய்யுங்கள்.

நம் சேலம், நாமக்கல் பக்கம் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிறோமே, சின்னப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த ஒரு நாளில் எல்லா வயதுக்கும் வேலை இருக்கிறது. நார் உரித்த தேங்காயைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவது ஐந்து வயதுப் பிள்ளையின் பங்கு. கண்ணைக் குத்தித் தண்ணீரை வடிப்பது பெரியவர் பங்கு. அந்தத் தண்ணீரைக் குடிப்பது எல்லார் பங்கும். பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, அவல், எள், பொடித்த வெல்லம் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். நான்கு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளிக் கலக்கும். அந்தச் சின்னத் துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடைக்க அதன் விரல்தான் வாகு. மூன்று வயதுப் பிள்ளை தேங்காய்க்கு மஞ்சள் பூசும். பிறகு சீவிய குச்சியைச் செருகி அப்பாவோ அப்பாருவோ தீயில் வாட்டும்போது, ஒரு கோடு கிழித்து, பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். ஓடு வெடித்து வாசம் வரும்வரை பொறுத்திருப்பதும் ஒரு படிப்பு. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்னும்போது, “இது நான் கலந்தது” என்று அது சொல்லும். அந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவும்.

நோம்பிக்குப் பலகாரம் சுடும்போதும், பொங்கலுக்கு வாசல் மெழுகும்போதும், கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கும்போதும் இதையே செய்யுங்கள்.

8. நம் ஊர் ஆபத்துகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை வேலையில் சேர்ப்பவர்கள் எந்த வேலையில் சேர்க்கக் கூடாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். ஓடுகிற தறிப் பக்கமும் கொலுசுப் பட்டறை நெருப்புப் பக்கமும் கூடாது. சுவர் எடுக்காத காட்டுக் கிணற்றைச் சுற்றி வேலி போடாமல், பிள்ளையோடு அந்தக் காட்டில் குடியிருக்காதீர்கள். நின்ற லாரியின் பின்னால் விளையாட விடாதீர்கள். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் டிரைவர் இறங்கி ஒரு சுற்றுப் பார்க்கட்டும். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும் ஆடி மாதத்தில் மோகனூரிலோ பரமத்தி வேலூரிலோ ஜேடர்பாளையத்திலோ காவிரிக் கரைக்குப் போனால், பிள்ளையின் கையைப் பிடித்தவர் வேறெதையும் பிடிக்கக் கூடாது.

கிழங்கு பிடுங்கும் காட்டில் பிள்ளை பச்சைக் குச்சிக்கிழங்கைக் கடிக்கப் பார்க்கும். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோல் உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கடலைக்காய் பறிக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆனால் ஐந்து வயது வரை முழுப் பருப்பாகத் தின்னக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இடித்து வெல்லத்தோடு உருண்டை பிடித்துக் கொடுங்கள். கொலுசில் மணி தளர்ந்திருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது தடவிப் பாருங்கள்.

9. பக்கத்தில் இருப்பதைக் காட்டுங்கள்.

வார விடுமுறைக்குத் தூரப் பயணம் தேட வேண்டியதில்லை. நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரம். மேலே கூரை கிடையாது. “சாமி மழையில் நனையாதா?” என்று பிள்ளை கேட்கும். உடனே பதில் சொல்லாமல், “நீ என்ன நினைக்கிறே?” என்று திருப்பிக் கேளுங்கள். சேலத்தில் மூக்கனேரிக் கரையில் நின்று பறவை பார்க்கலாம். ஏற்காடு அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. வாரச்சந்தைக்குக் கூட்டிப்போய் ஒரு காய் வாங்கும் பொறுப்பை அதன் கையில் கொடுங்கள்: காசை நீட்டட்டும், மீதி வாங்கட்டும், பையில் போட்டுக்கொண்டு வரட்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். களைத்த பிள்ளை எதையும் பார்க்காது.

10. பெரியவர்களோடு ஒரே பேச்சாக இருங்கள்.

அப்பாரு, ஆயா, அப்புச்சி, அம்முச்சி இருக்கிற வீடு பிள்ளைக்குப் பெரும் பாக்கியம். கதை கேட்கவும் பொறுமையாக ஒரு பூவைக் கட்டப் பழகவும் அவர்கள் மடி வேண்டும். ஆனால் அம்மா வேண்டாம் என்றதை ஆயா சேலை முந்தானையில் மறைத்துக் கொடுத்தால், பிள்ளை இரண்டு பேரையும் நம்பாது. பிள்ளை தூங்கிய பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதன் எதிரில் ஒருவரை ஒருவர் குறை சொல்லாதீர்கள். அடம் பிடிக்கிற பிள்ளையை அடித்தால் அப்போதைக்கு வாய் மூடும். மனசுக்குள் பயம் மட்டும் நிற்கும். பக்கத்தில் உட்காருங்கள், அழுது முடிக்கட்டும், பிறகு ஒரு வேலையைக் கொடுங்கள்.

11. அங்கன்வாடிக்கு அனுப்புங்கள்.

இந்த நாட்டில் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. நம் மாநிலத்தில் 1982 ஜூலை 1 முதல் சத்துணவும் குழந்தைகள் மையங்களுக்கு வந்தது. மதியச் சோறு, முட்டை, சத்துமாவு, மாதாமாதம் எடை, பாட்டு, கதை, நாலு பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவது: இத்தனையும் உங்கள் தெருவிலேயே கிடைக்கிறது. ஏழைப் பிள்ளைகள் போகிற இடம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எடை எடுக்கும் நாளில் நீங்களே கூடப் போங்கள். எடை குறிக்கும் அட்டையில் போன மாதத்துப் புள்ளிக்கும் இந்த மாதத்துப் புள்ளிக்கும் நடுவே கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். நாளைக் காலையில் நீங்கள் செய்யப்போகிற வேலைகளில் ஒன்றை மட்டும் இப்போதே தேர்ந்துகொள்ளுங்கள். அதில் பிள்ளைக்கு எந்தப் பங்கு என்று முடிவு செய்யுங்கள். வேலை முடிய வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடும். அதற்காகக் கொஞ்சம் முன்னதாக எழுந்திருங்கள். ஒரு மாதம் அந்த ஒரு வேலையை விடாமல் செய்யுங்கள். அதன் பிறகு அடுத்த வேலையைப் பிள்ளையே வந்து கேட்கும். கேட்கும்போது “உனக்குத் தெரியாது, தள்ளிப் போ” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.