தேர்வு பயமும் ஆறத் தாமதித்த புண்ணும்

எஸ்.பி.எம். தேர்வு மண்டபம். வினாத்தாள் கைக்கு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. உடலுக்கு என்ன ஆயிற்று?

கவலை வேண்டாம், மாணவர்களே. உடல் தன் வேலையைத்தான் செய்கிறது.

சில நிமிட அழுத்தம்

மூளை ஆபத்தை உணர்ந்ததும், அதன் ஹைப்போதலமஸ் பகுதி நரம்புகள் வழியாக அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. இவை சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ளன. இவற்றிலிருந்து அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, கல்லீரல் தான் சேமித்த குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது, கண்மணி விரிகிறது. அவசர வேளையில் செரிமானம் தேவையில்லை என்பதால் அது மந்தமாகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் தயார்! அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்.

அட்ரினலின் சில நிமிடங்களில் குறைந்துவிடும். அடுத்து வரும் கார்ட்டிசோல், இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்ளும். அளவு போதுமானதும் கார்ட்டிசோலே மூளைக்குச் செய்தி அனுப்பித் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

பல வார அழுத்தம்

கவலை நாள்தோறும் தொடர்ந்தால் இந்தக் கட்டுப்பாடு சீர்குலையலாம். கார்ட்டிசோல் நெடுநாள் மிகுந்திருந்தால் நோய் எதிர்ப்பாற்றல் தளரும். தூக்கமும் நினைவாற்றலும் பாதிக்கப்படும். இரத்த அழுத்தம் உயரும்.

1998-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பல் மருத்துவம் பயிலும் 11 மாணவர்களின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் செய்தார்கள். ஒரு முறை கோடை விடுமுறையில், மறுமுறை தேர்வுக்கு 3 நாள் முன்பு. அதே ஆள், அதே அளவு காயம். ஆயினும் தேர்வுக் காலத்தில் அது ஆற சராசரியாக 3 நாள் கூடுதலாகப் பிடித்தது. ஏறத்தாழ 40 விழுக்காடு தாமதம்! விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வுக் காலத்தில் ஒருவருக்கும் ஆறவில்லை.

நாம் செய்யக்கூடியது

தேர்வு மண்டபப் படபடப்பு நமக்குப் பகையன்று. ஓய்வே இல்லாத கவலைதான் ஆபத்து. பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. விளையாட்டையும் விட்டுவிடாதீர்கள். கவலை வாரக்கணக்கில் நீடித்தால் பெற்றோரிடமோ பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

சிந்திக்க: அந்த ஆய்வில் இரு வேறு குழுக்களை ஒப்பிடாமல், அதே மாணவர்களையே இருமுறை சோதித்தது ஏன்?